பிரிட்டன் அரசியலை இணையத்தில் படிக்க: எதை முதலில் திறப்பது, எதை அப்புறம்

பிரிட்டன் அரசியலைப் படிக்கத் தொடங்கிய சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டியிருக்கிறேன். பரீட்சைக்குப் படித்தவர்கள் உண்டு, வேலைக்காகப் படித்தவர்கள் உண்டு, சும்மா ஆர்வத்தில் வந்தவர்களும் உண்டு. எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தார்கள். யூடியூபில் பிரதமரின் கேள்வி நேரத்தைப் பார்ப்பார்கள், நாலு நாளிதழ்களைப் புரட்டுவார்கள், பத்தாவது நாள் "ஒன்றும் பிடிபடவில்லை" என்பார்கள்.

தகவலுக்குப் பஞ்சமே இல்லை. கொட்டிக் கிடக்கிறது, அதுவும் பெரும்பாலும் இலவசமாக. வரிசைதான் தப்பு. முதலில் மூல ஆவணம், அப்புறம் அதற்கான விளக்கம், கடைசியில் செய்தி. இந்த வரிசையில் போனால் நாளிதழ் தலைப்பைப் பார்த்ததுமே அதில் எவ்வளவு சரக்கு, எவ்வளவு ஊதல் என்று தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்

ஒரு கேள்வியோடு உட்காருங்கள். "பிரிட்டன் அரசியல் தெரிய வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "படிப்பு முடித்த மாணவர்களுக்கான விசா விதியை மாற்ற நாடாளுமன்றம் ஓட்டுப் போட வேண்டுமா?" என்பது கேள்வி. இதற்குப் பதில் தேடினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். குடியேற்ற விதிகளை மாற்ற உள்துறை அமைச்சர் ஒரு மாற்ற அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும். யாராவது எதிர்த்து நிறுத்தினால் ஒழிய அது நடைமுறைக்கு வந்துவிடும். பலரும் இதற்கு ஒரு மசோதாவைத் தேடி அலைவார்கள். அப்படி ஒன்று இருக்காது.

ஒரு நோட்டும் வேண்டும். அதில் மூன்று பத்தி: என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னார், எந்த இடத்தில் சொன்னார். மூன்றாவது பத்தியைத்தான் எல்லாரும் காலியாக விடுவார்கள். அது ஏன் முக்கியம் என்பது 6-வது படியில் வரும்.

1. எந்த அரசின் வேலை என்று முதலில் பாருங்கள்

லண்டனில் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம் போன்றவை ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் அந்தந்த அரசின் கையில் இருக்கின்றன. குடியேற்றம், ராணுவம், வெளியுறவு மூன்றும் வெஸ்ட்மின்ஸ்டரிடம். இங்கிலாந்துக்கு மட்டும் தனிச் சட்டமன்றம் கிடையாது. அதனால் லண்டனில் இருக்கும் சுகாதார அமைச்சர் மருத்துவமனைகளைப் பற்றிப் பேசினால், பெரும்பாலும் அது இங்கிலாந்துக்கு மட்டுமான பேச்சு.

இதைப் பார்க்காமல் இறங்கினால், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் பிரச்சினைக்கு லண்டன் இணையதளத்தில் பதில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், வேல்ஸின் செனெத், வட அயர்லாந்துச் சட்டமன்றம் மூன்றுக்கும் தனித்தனித் தளங்கள் உண்டு. மூன்றையும் இப்போதே புக்மார்க் செய்துவிடுங்கள்.

2. பதினைந்து சொற்களைப் பழகுங்கள்

நாடாளுமன்றத் தளத்திலேயே ஒரு சொல்லகராதி இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் நாலைந்து வரி, எளிய ஆங்கிலம். முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். படிக்கும்போது இடறும் சொல்லை மட்டும் அங்கே பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

சில சொற்கள் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் ஏமாற்றும். விப் என்றால் கொறடா, அது நமக்குத் தெரியும். ஆனால் ஒரு எம்.பி. "விப்பை இழந்தார்" என்று செய்தி வந்தால், அவரைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். எம்.பி. பதவி அப்படியே இருக்கும். டேபிள் செய்வது என்றால் பிரிட்டனில் ஒரு விஷயத்தை விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவில் அதைத் தள்ளிப்போடுவது. தேடும்போது அமெரிக்கப் பக்கங்கள்தான் மேலே வந்து நிற்கும் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கும்.

அதைத் தவிர்க்க ஒரு சின்ன வழி. கூகுளில் தேடல் சொல்லுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நாடாளுமன்றத் தளத்தின் முகவரியைச் சேருங்கள். அந்தத் தளத்தின் பக்கங்கள் மட்டும் வரும்.

3. ஒரே ஒரு மசோதாவை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள்

இந்த ஒரு படிக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும். எல்லா மசோதாவையும் கொஞ்சம் கொஞ்சம் பார்ப்பதை விட, ஒன்றை முழுசாகப் பார்ப்பதில்தான் இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியும். நான் வழக்கமாக எடுத்துக்கொள்வது, குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் மருத்துவ உதவியோடு உயிர் துறக்க அனுமதி கேட்ட மசோதா. 2024 அக்டோபரில் எம்.பி. கிம் லெட்பீட்டர் கொண்டுவந்தது.

நாடாளுமன்றத் தளத்தில் மசோதாக்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இந்த மசோதாவின் பக்கத்தைத் திறந்தால், அது கடந்த கட்டங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். முதல் வாசிப்பு வெறும் அறிவிப்பு. இரண்டாம் வாசிப்பில்தான் விவாதமும் ஓட்டும். அப்புறம் குழு, அறிக்கைக் கட்டம், மூன்றாம் வாசிப்பு, அதன்பின் மற்ற அவை. இரண்டு அவைகளும் ஒரே வாசகத்துக்கு ஒத்துக்கொண்டால் மன்னரின் ஒப்புதல்.

முதலில் மசோதாவின் வாசகத்தைத் திறக்காதீர்கள். சட்ட மொழி தலையைச் சுற்றவைக்கும். அதே பக்கத்தில் வெளியீடுகள் என்ற பிரிவில் விளக்கக் குறிப்புகள் இருக்கும். ஒவ்வொரு பிரிவும் எதற்காக என்று சாதாரண உரைநடையில் சொல்லியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாசகத்துக்கு வாருங்கள்.

வாசகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே மசோதாவுக்குப் பல பிரதிகள் இருக்கும். லெட்பீட்டரின் மசோதா அறிமுகமானபோது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியின் ஒப்புதல் வேண்டும் என்றிருந்தது. குழுக் கட்டத்தில் அதை எடுத்துவிட்டு ஒரு நிபுணர் குழுவை வைத்தார்கள். முதல் பிரதியை மட்டும் படித்துவிட்டு நீதிபதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், எழுத்து நன்றாகத்தான் இருந்தது. பிரதியின் தேதியைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

அடுத்து ஹன்சார்ட். அவையில் பேசியதன் அதிகாரபூர்வப் பதிவு அது. 2024 நவம்பர் 29-ந் தேதி நடந்த இரண்டாம் வாசிப்பு விவாதத்தைத் திறங்கள். முழுசாகப் படிக்க வேண்டாம். ஆதரித்து ஒருவர், எதிர்த்து ஒருவர், கடைசியில் அமைச்சரின் பதில், இந்த மூன்று போதும். அதற்குக் கீழே ஓட்டு விவரம் பெயர் பெயராக இருக்கும். ஆதரவு 330, எதிர்ப்பு 275.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டையும் கூட்டினால் 605. அவையில் இருப்பது 650 தொகுதி. மற்ற 45 பேர் எங்கே? சபாநாயகரும் துணைச் சபாநாயகர்கள் மூவரும் ஓட்டுப் போடுவதில்லை. ஓட்டை எண்ணுகிற நால்வர் கணக்கில் வர மாட்டார்கள். வட அயர்லாந்தின் ஷின் ஃபெயின் கட்சியின் 7 பேர் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கையில் அமர்வதே இல்லை, அது அந்தக் கட்சியின் நெடுநாள் கொள்கை. இத்தனை பேரையும் கழித்தபிறகு மிஞ்சுகிறவர்களைப் பற்றித்தான் "வரவில்லை", "ஒதுங்கினார்" என்றெல்லாம் பேச முடியும். இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவர்கள், எந்த ஓட்டெடுப்புச் செய்தியையும் பிறகு வேறு கண்ணோடுதான் படிக்கிறார்கள்.

அன்றைக்குச் சமூக ஊடகங்களில் "பிரிட்டனில் சட்டமானது" என்று பதிவுகள் பறந்தன. ஆனால் அது இரண்டாம் வாசிப்புதான். மூன்றாம் வாசிப்பு 2025 ஜூன் 20-ல் நடந்தது, 314-க்கு 291. வித்தியாசம் 55-லிருந்து 23 ஆகச் சுருங்கியது. அதற்கப்புறமும் மேலவையான பிரபுக்கள் அவை என்ற பெரிய வாசற்படி காத்திருந்தது. இன்னொன்று, இந்த மசோதா இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். முதல் படியில் சொன்னது இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

இது அரசு கொண்டுவராத, ஒரு எம்.பி. தானாகக் கொண்டுவந்த தனி உறுப்பினர் மசோதா, கொறடா உத்தரவு இல்லாமல் மனசாட்சிப்படி போட்ட ஓட்டு. இதை மட்டும் பார்த்து எல்லா ஓட்டும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த முறை ஒரு அரசு மசோதாவை எடுங்கள். கட்சிவாரியாக ஓட்டு எவ்வளவு கட்டுக்கோப்பாக விழுகிறது என்று தெரியும்.

கடைசியாக, நிறைவேறிய சட்டங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் சட்டத் தளம் இருக்கிறது. அங்கே ஒரே சட்டத்துக்கு, இயற்றியபோது இருந்த வடிவம், திருத்தங்கள் சேர்ந்த வடிவம் என இரண்டு இருக்கும். திருத்திய வடிவத்தைத்தான் படிக்க வேண்டும். அமலுக்கு வந்த தேதியையும் பாருங்கள். மன்னரின் ஒப்புதல் கிடைத்த அன்றே எல்லாப் பிரிவும் நடைமுறைக்கு வந்துவிடாது.

4. நாளிதழுக்கு முன் காமன்ஸ் நூலகக் குறிப்பு

காமன்ஸ் என்ற கீழவையின் நூலகம் எம்.பி.க்களுக்காக எழுதும் இந்த ஆய்வுக் குறிப்புகள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. கட்சிச் சார்பு இல்லாமல் எழுதுவது அங்குள்ளவர்களின் வேலை விதி. ஒரு பிரச்சினையின் பின்னணி, இப்போதைய சட்டம், யார் என்ன சொல்கிறார்கள், எண்கள் என்ன என்று ஒரே இடத்தில் கிடைக்கும். என் கணக்கில், பிரிட்டன் அரசியல் பற்றி இணையத்தில் இருப்பவற்றில் இதற்கு இணையாக வேறொன்று இல்லை. விந்தை என்னவென்றால் புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

முதல் பக்கத்துச் சுருக்கத்தைப் படித்தாலே ஒரு நாளைக்குப் போதும். முழுக் குறிப்பு பிடிஎஃபாக இருக்கும், அடிக்குறிப்புகளில் மூல ஆவணங்களுக்கு இணைப்பு இருக்கும். அந்த இணைப்புகளைச் சொடுக்கிப் பழகுங்கள். பிரபுக்கள் அவைக்கும் தனி நூலகம் உண்டு.

அரசாங்கம் எப்படி நடக்கிறது என்பதற்கு இன்ஸ்டிட்யூட் ஃபார் கவர்ன்மென்ட் தளத்தின் விளக்கக் கட்டுரைகள் நல்லவை. அரசியலமைப்புக்கு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் கான்ஸ்டிட்யூஷன் யூனிட், பட்ஜெட்டுக்கு ஐஎஃப்எஸ் என்ற இன்ஸ்டிட்யூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ். மற்ற சிந்தனைக் குழுக்களுக்கு ஒரு சாய்வு இருக்கும். ஃபேபியன் சொசைட்டி லேபர் கட்சியோடு இணைந்தது, இன்ஸ்டிட்யூட் ஆஃப் எகனாமிக் அஃபேர்ஸ் தாராளச் சந்தையின் பக்கம். படிக்கக் கூடாது என்பதில்லை, யார் எழுதியது என்று தெரிந்து படிக்க வேண்டும்.

5. ஒரு எம்.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள்

தே ஒர்க் ஃபார் யூ என்று ஒரு தளம், மைசொசைட்டி என்ற அறக்கட்டளை நடத்துவது. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் எம்.பி.யின் பேச்சு, ஓட்டு, பணத்தொடர்புப் பதிவு எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்கள் எம்.பி.யின் பெயரைப் போட்டுத் தேடலாம். ஈஸ்ட் லண்டனின் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் 2024-ல் ஜெயித்த தமிழரான உமா குமரனின் பக்கத்திலிருந்து நம்மவர்கள் பலர் தொடங்குகிறார்கள். நல்ல தொடக்கம்தான்.

இங்கே வரும் தவறு, "பெரும்பாலும் ஆதரித்தார்" என்ற சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருவது. கொறடா உத்தரவுப்படி போட்ட ஓட்டும் அதில் சேர்ந்திருக்கும். சுருக்கத்தைச் சொடுக்கி, எந்தெந்த ஓட்டுகளை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள்.

போகிற போக்கில் ஒன்று. "எனக்கு இந்தியப் பாஸ்போர்ட், எனக்கென்ன ஓட்டா இருக்கிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருக்கிறது. உரிய விசாவோடு பிரிட்டனில் வசிக்கும் 18 வயது நிறைந்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பெயரைப் பதிவு செய்து நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. மாணவர் விசாவில் இருந்தாலும் சரி.

6. எந்த மேடையில் சொல்லப்பட்டது என்று பாருங்கள்

நோட்டின் மூன்றாவது பத்தி இதற்குத்தான். "பிரிட்டன் நாடாளுமன்றத்தில் தீர்மானம்" என்று தமிழில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால், நான் முதலில் கேட்பது: எது, எர்லி டே மோஷனா?

எர்லி டே மோஷன் என்பது ஒரு எம்.பி. எழுதிப் பதிவு செய்யும் வாசகம். ஒத்த கருத்துள்ளவர்கள் கையெழுத்திடுவார்கள். விவாதத்துக்கு வருவது மிக அரிது, ஓட்டெடுப்பு அதைவிட அரிது. அமைச்சர்கள் பொதுவாகக் கையெழுத்திடுவதில்லை. அதாவது, கவனத்தை ஈர்க்கும் ஒரு சுவரொட்டி மாதிரி. அதை "நாடாளுமன்றம் நிறைவேற்றியது" என்று எழுதுவது தப்பு. நாடாளுமன்றத் தளத்தில் இவற்றுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. அங்கே தலைப்பைத் தேடி, எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்று எண்ணுங்கள். 650-ல் 20 பேரா, 200 பேரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதே குழப்பம் அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழுக்களிலும் வரும். தமிழர்களுக்கான குழு உட்பட நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை ஆர்வமுள்ள உறுப்பினர்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் குழுக்கள், அதிகாரபூர்வக் குழுக்கள் அல்ல. அவற்றின் அறிக்கையிலேயே இது அவையின் வெளியீடு அல்ல என்று போட்டிருக்கும். தேர்வுக் குழு என்பது வேறு. அது துறைகளைக் கண்காணிக்கும், சாட்சிகளை அழைத்து விசாரிக்கும், அதன் அறிக்கைக்கு அரசு வழக்கமாக இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இரண்டையும் ஒன்றாக எழுதினால் கட்டுரை அங்கேயே சரிந்துவிடும்.

மனுக்களும் அப்படித்தான். 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு எழுத்தில் பதில் தரும், 100,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். அந்த விவாதம் பெரும்பாலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் என்ற துணை விவாத மன்றத்தில் நடக்கும். ஒரு அமைச்சர் வந்து பதில் சொல்வார், அதோடு சரி. சட்டம் எதுவும் மாறாது.

அதற்காக இவையெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. அமைச்சரின் பதில் பதிவாகிவிடுகிறது, அடுத்த வருடம் அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். எழுத்துக் கேள்விகளுக்கான பதில்கள் இன்னும் பயனுள்ளவை. அரசு பொதுவில் சொல்லாத எண்கள் பல அங்கேதான் வெளிவருகின்றன.

7. இப்போது செய்திக்கு வாருங்கள்

பிரிட்டனில் தொலைக்காட்சிக்கும் நாளிதழுக்கும் விதி ஒன்றல்ல. பிபிசி, ஐடிவி, ஸ்கை போன்ற ஒளிபரப்பாளர்கள் செய்தியில் நடுநிலை காக்க வேண்டும், ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கண்காணிக்கிறது. நாளிதழ்களுக்கு அந்தக் கடமை கிடையாது. கார்டியன் இடதுபக்கம், டெலிகிராஃபும் டெய்லி மெயிலும் வலதுபக்கம். ஒளிந்து செய்வதில்லை, வெளிப்படையாகவே அப்படித்தான்.

ஆகவே ஒரே நிகழ்ச்சிக்கு ஒரு ஒளிபரப்பு, இடம் ஒன்று, வலம் ஒன்று என மூன்றைப் படியுங்கள். "நம்பர் 10 வட்டாரங்கள் கூறின", அதாவது பிரதமர் அலுவலக வட்டாரங்கள் கூறின என்று வந்தால், பெயர் சொல்ல விரும்பாத ஒருவருக்கு அதில் ஏதோ லாபம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கூற்றில் சந்தேகம் இருந்தால் உண்மை சரிபார்க்கும் ஃபுல் ஃபேக்ட் தளத்தில் தேடுங்கள்.

8. எண்களைத் தனியாகப் பாருங்கள்

2024 ஜூலை 4 தேர்தலில் லேபர் கட்சி ஏறக்குறைய 34 சதவீத ஓட்டில் 411 இடங்களைப் பிடித்தது. ரிஃபார்ம் கட்சி 14 சதவீதம் வாங்கி 5 இடம்தான். லிபரல் டெமாக்ராட்ஸ் 12 சதவீதத்தில் 72 இடம். சதவீதத்தைப் பார்த்து இடத்தை ஊகிக்கவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை வட அயர்லாந்தைச் சேர்ப்பதில்லை. பிரிட்டிஷ் போலிங் கவுன்சிலில் உறுப்பினரான நிறுவனங்கள் கேட்ட கேள்வியையும் முழு அட்டவணையையும் வெளியிட வேண்டும். கேள்வியின் வாசகத்தைப் படியுங்கள், தலைப்பைவிட அதில் விஷயம் இருக்கும். கட்சிகளுக்கு வரும் நன்கொடை விவரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தேடக் கிடைக்கும்.

9. பக்கத்தின் தேதி

தேடலில் மேலே வரும் விளக்கக் கட்டுரைகள் பல பழையவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிலையான தேதியில் தேர்தல் என்ற 2011-ன் சட்டம் 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லிக்கொடுக்கும் பக்கங்கள் இருக்கின்றன. 2024-ல் தொகுதி எல்லைகள் மாறின, அதனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் பழைய முடிவோடு அப்படியே ஒப்பிட முடியாத தொகுதிகள் பல. தேதி இல்லாத பக்கத்தை நான் மூடிவிடுவேன்.

கட்சிகளின் பழைய தேர்தல் அறிக்கைகள் அவர்கள் தளத்திலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். தேவையானதை அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. தேடுவதை நிறுத்திவிட்டு, வரவையுங்கள்

தே ஒர்க் ஃபார் யூ தளத்தில் ஒரு சொல்லைப் பதிவு செய்து வைத்தால், அந்தச் சொல் அவையில் வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் "குடியேற்றம்" என்று போட்டவர் ஒருவர் மறுநாளே பெட்டி நிரம்பி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். "பட்டதாரி விசா" மாதிரி குறுகலாகப் போடுங்கள். காமன்ஸ் நூலகத்துக்கும் தலைப்புவாரியாக மின்னஞ்சல் உண்டு.

புதன்கிழமை மதியம் 12 மணிக்குப் பிரதமரின் கேள்வி நேரம். பார்லிமென்ட் லைவ் தளத்தில் பாருங்கள், பிறகு அதே பகுதியை ஹன்சார்டில் படியுங்கள். கூச்சலில் காதில் விழாத பதில் எழுத்தில் கிடைக்கும். பதிலே இல்லை என்பதும் எழுத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

ஆகஸ்டில் மின்னஞ்சல் எதுவும் வரவில்லை என்று பதறி எனக்கு எழுதுகிறார்கள். கோளாறு இல்லை. அவைக்கு விடுமுறை.